நான்கு பேர் இல்லாமல் வண்டி நகராது: இங்கிலாந்தில் ஒரு கவுன்டியின் தீயணைப்புச் சேவை

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் தீயணைப்பு நிலையத்தின் கதவு இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால் சிவப்பு வண்டி பளபளவென்று நிற்கும். உள்ளே ஆள் நடமாட்டமே இருக்காது. அந்த நேரத்தில் நிலையம் பணியில் இருக்கிறதா இல்லையா என்பதை வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தகுதியுள்ள நான்கு பேர் அப்போது ஊருக்குள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்த விஷயம் அது. மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால், 3 லட்சம் பவுண்டு அளவுக்கு விலையுள்ள வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கிருந்து நாலைந்து மைல் தள்ளி இருக்கும் வேறொரு நிலையத்திலிருந்து வண்டி வரும்.

ஏன் நான்கு? யார் அந்த நால்வர்? வண்டியில் என்ன இருக்கிறது? இவை புரிந்துவிட்டால் ஒரு கவுன்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு பகுதியின், தீயணைப்பு மீட்புச் சேவையின் அமைப்பு முழுவதும் புரிந்த மாதிரிதான்.

யாருடைய துறை?

கவுன்டி கிரிக்கெட்டில் காதில் விழும் அதே கவுன்டிகள்தான்: கென்ட், எசெக்ஸ், லங்காஷயர், வாரிக்‌ஷயர். இங்கிலாந்தில் நாடு முழுமைக்கும் ஒரே தீயணைப்புத் துறை என்று ஒன்று இல்லை. 44 தனித்தனிச் சேவைகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து 2013-ல் தன்னிடமிருந்த எட்டையும் ஒன்றாக்கிவிட்டது. வேல்ஸில் மூன்று, வட அயர்லாந்தில் ஒன்று.

ஒரே துறையாக இருந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்கு முன் ஊருக்கு ஊர் தனிப்படை. பிரிட்டனில் சுமார் 1,600 படைகள். ஜெர்மன் குண்டுவீச்சில் ஓர் ஊர் எரிந்தபோது பக்கத்து ஊர்க்காரர் உதவிக்கு வந்தார்கள். ஆனால் அவர்களுடைய ஹோஸின் இணைப்பு இந்த ஊர்க் குழாயில் பொருந்தவில்லை. 1941 ஆகஸ்டில் எல்லாவற்றையும் இணைத்துத் தேசியத் தீயணைப்புச் சேவை உருவாக்கப்பட்டது. போர் முடிந்ததும், 1948 ஏப்ரல் 1 அன்று, மறுபடியும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். தரப்படுத்தல் மட்டும் தங்கிவிட்டது. இன்று 45 மில்லிமீட்டர் ஹோஸானாலும் 70 மில்லிமீட்டர் ஹோஸானாலும் இரு முனைகளிலும் இருப்பது ஒரே அளவு இணைப்பு. அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், திருகவே வேண்டாம்.

ஒவ்வொரு சேவைக்கும் மேலே சட்டப்படி பொறுப்பேற்கும் ஒரு 'தீயணைப்பு ஆணையம்' இருக்க வேண்டும். நார்ஃபோக், ஹெர்ட்ஃபோர்டுஷயர், வாரிக்‌ஷயர் போன்ற இடங்களில் கவுன்டி கவுன்சிலே அந்த ஆணையம். அங்கே தீயணைப்பு என்பது சாலை, நூலகம் போல இன்னொரு துறை. கென்ட், லங்காஷயர் போன்றவற்றில் கவுன்டி கவுன்சிலும் அதற்குள் தனித்து இயங்கும் நகராட்சிகளும் உறுப்பினர்களை அனுப்பும் கூட்டு ஆணையம். எசெக்ஸில் 2017 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட காவல் ஆணையரே தீயணைப்புக்கும் தலைவர். பணம் வருவது குடியிருப்பு வரியிலிருந்தும், வணிக வரிப் பங்கிலிருந்தும், அரசு மானியத்திலிருந்தும். மேற்பார்வை செய்யும் அமைச்சகம் 2025 ஏப்ரலில்தான் மாறியது. உள்துறையிடமிருந்து வீட்டுவசதி, உள்ளாட்சி அமைச்சகத்துக்குப் போனது. காவல்துறையைச் சோதிக்கும் அதே ஆய்வு அமைப்பு 2018 முதல் தீயணைப்பையும் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது.

'ஆணையம்' என்பது வெறும் காகிதப் பெயர் அன்று. 2007 நவம்பரில் வாரிக்‌ஷயரின் ஆதர்ஸ்டன்-ஆன்-ஸ்டூரில் ஒரு காய்கறிக் கிடங்கு தீயில் நான்கு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பணியாளர் பாதுகாப்பை உறுதிசெய்யத் தவறியதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30,000 பவுண்டு அபராதம் கட்டியது கவுன்டி கவுன்சில்தான்.

ஏன் நான்கு?

எரியும் வீட்டின் முன் வண்டி வந்து நிற்கிறது. ஒருவர் பம்பை இயக்க வேண்டும். வண்டியை ஓட்டிவந்தவரே அதைச் செய்வார். தண்ணீர் ஓடும்வரை பம்ப் பலகையை விட்டு அவர் நகர முடியாது. ஒருவர் பொறுப்பாளர். வீட்டைச் சுற்றிப் பார்த்து, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று விசாரித்து, முடிவெடுத்து, ரேடியோவில் செய்தி அனுப்புகிறவர். புகைக்குள் நுழைகிறவர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் நுழைய வேண்டும். ஒருவர் விழுந்தால் இழுத்துவர இன்னொருவர். ஆக நான்கு. 13.5 மீட்டர் ஏணியை நிமிர்த்தவும் நான்கு பேர் வேண்டும்.

நான்கு என்பதே இறுக்கமான கணக்கு. ஜோடி உள்ளே போய்விட்டால் அவர்களுடைய காற்றைக் கணக்கிட வாசலில் ஒருவர் நிற்க வேண்டும், தெருவில் ஹைட்ரன்ட் என்ற தீயணைப்பு நீரிணைப்பைத் தேட இன்னொருவர் வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது வண்டி. வீட்டுத் தீ என்று அழைப்பு வந்தால் குறைந்தது இரண்டு வண்டிகளை அனுப்புவது இந்தக் கணக்கால்தான். மக்கள் நினைப்பது போல 'எதற்கும் ஒன்று கூடுதலாக' அன்று.

எண்ணிக்கை மட்டும் போதாது, தகுதியும் பொருந்த வேண்டும். கனரக உரிமமும் அவசரகால ஓட்டுநர் பயிற்சியும் பெற்ற ஒருவர், பொறுப்பேற்கத் தகுதிபெற்ற ஒருவர், சுவாசக் கருவித் தகுதி நடப்பில் உள்ள இருவர். ஐந்து பேர் ஓடி வந்தும் அதில் ஓட்டுநர் இல்லை என்றால் வண்டி கிளம்பாது. இதைத்தான் அங்கே வண்டி 'ஆஃப் த ரன்' என்பார்கள்.

முழுநேரமும் ஆன்-காலும்

நகரங்களில் இருப்பவை முழுநேர நிலையங்கள். வீரர்கள் நான்கு 'வாட்ச்'களாகப் பிரிந்திருப்பார்கள்: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. வழக்கமான சுழற்சி இரண்டு பகல், இரண்டு இரவு, நான்கு நாள் ஓய்வு. பகல் 9 மணி நேரம், இரவு 15 மணி நேரம் என்று வைத்தால் எட்டு நாளுக்கு 48 மணி. வாரச் சராசரி சரியாக 42. மணி அடித்து ஒன்றரை நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

ஆனால் கவுன்டியின் வரைபடத்தில் பெரும்பரப்பைக் காப்பது ஆன்-கால் நிலையங்கள். அங்கே வீரர்கள் பேக்கரி நடத்துகிறவர், கார் மெக்கானிக், பள்ளி உதவியாளர், தச்சர். இடுப்பில் 'அலர்ட்டர்' என்ற பேஜர். அது அலறினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓட வேண்டும். அதனால்தான் வீடோ வேலையிடமோ நிலையத்திலிருந்து சுமார் ஐந்து நிமிடத் தொலைவுக்குள் இருப்பவரைத்தான் சேர்க்கிறார்கள். தயார் நிலையில் இருப்பதற்கு ஆண்டுத் தொகை ஒன்றும், ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தொகையும் கிடைக்கும். வாரத்தில் ஒரு மாலை 'டிரில் நைட்'. ஏணி, பம்ப், சுவாசக் கருவி எல்லாவற்றையும் எடுத்துப் பழகி, சோதித்துப் பதிவு செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் பகல்நேரம். முன்பு ஊரிலேயே வேலை இருந்தது, ஊரிலேயே ஆட்கள் இருந்தார்கள். இப்போது ஊர் உறங்குமிடமாகவும் நகரம் வேலையிடமாகவும் பிரிந்துவிட்டன. இரவு பத்து மணிக்கு எட்டுப் பேர் தயாராக இருக்கும் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இரண்டு பேர் மிஞ்சுவது சாதாரணம். சேவைகள் இதற்கு எடுக்கும் வைத்தியங்கள் பலவகை: முழுநேர வீரரைப் பகலில் மட்டும் அங்கே உட்கார வைப்பது, இரண்டு மூன்று பேரோடு சிறிய வண்டியை அனுப்பி அடுத்த வண்டி வரும்வரை வெளியிலிருந்து மட்டும் தீயைக் கட்டுப்படுத்தச் சொல்வது, ஊரிலுள்ள முதலாளிகளிடம் போய் ஆட்களை விடச்சொல்லிக் கேட்பது. எங்கள் பார்வையில் கவுன்டி சேவைகளின் முதன்மைச் சிக்கல் இதுதான். புது வண்டி வாங்கினால் படமெடுத்துப் போடலாம். ஓட்டுநர் ஒருவர் வேலை மாறி வேற்றூர் போய்விட்டதை யார் படமெடுக்க முடியும்?

நிலையம் எங்கே இருக்க வேண்டும் என்பதை முன்பு தேசிய அளவுகோல் ஒன்று தீர்மானித்தது. ஊரை ஆபத்து வகைப்படி பிரிப்பார்கள். நெருக்கமான வணிக மையம் 'ஏ' என்றால் இரண்டு வண்டிகள் 5 நிமிடத்தில், மூன்றாவது 8 நிமிடத்தில் வர வேண்டும். 'பி' என்றால் ஒன்று 5 நிமிடத்தில், மற்றொன்று 8-ல். புறநகரான 'சி'க்கு ஒரு வண்டி 8 முதல் 10 நிமிடம். கிராமப்புற 'டி'க்கு 20 நிமிடம். கட்டடங்கள் எரிவதை மையமாக வைத்த கணக்கு இது. இரவில் குடியிருப்பில் தூங்குகிற மனிதரைவிட, ஆளில்லாத கடைவீதிக்கு வண்டி சீக்கிரம் போனது. 2004 வாக்கில் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு சேவையும் தன் பகுதியின் ஆபத்தைத் தானே ஆய்ந்து திட்டம் எழுதி, மக்களிடம் கருத்துக் கேட்டு நடத்தும் முறைக்கு வந்தார்கள். அதனால் அடுத்தடுத்த கவுன்டிகளில் வருகை நேர இலக்கு வேறுவேறாக இருக்கும். ஒன்று அழைப்பு வந்ததிலிருந்து எண்ணும், இன்னொன்று வண்டி கிளம்பியதிலிருந்து எண்ணும். இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

999 என்று அழுத்திய பிறகு

1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீட்டுத் தீயில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயைப் பார்த்து அழைத்த பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசி நிலையத்தின் வரிசையில் காக்கவைக்கப்பட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 1937 ஜூன் 30 அன்று லண்டனில் தொடங்கிய 999 என்ற அவசர எண்.

அழைப்பை முதலில் எடுப்பவர் தொலைபேசி நிறுவனத்தின் இயக்குநர். "எந்தச் சேவை வேண்டும்?" என்று கேட்டு உரிய கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றுவார். அங்கே முதல் கேள்வி முகவரி. என்ன எரிகிறது என்பது பிறகு. முகவரி உறுதியான நொடியில், பேச்சு முடிவதற்கு முன்பே, வண்டிகள் கிளம்பிவிடும். எந்த வகைச் சம்பவத்துக்கு எத்தனை வண்டி, எந்த வகை வண்டி என்று முன்பே பட்டியல் இருக்கிறது. கணினி அருகிலுள்ள வண்டிகளைச் செயற்கைக்கோள் வழிகாட்டலால் கண்டுபிடித்துப் பரிந்துரைக்கும். புகைக்குள் சிக்கியவரே அழைத்திருந்தால் கட்டுப்பாட்டு அறை இயக்குநர் இணைப்பைத் துண்டிக்க மாட்டார். கதவைச் சாத்தவும், இடுக்கில் துணி வைக்கவும், தரையோடு இருக்கவும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

சம்பவங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பொய் அலாரம். பெரும்பாலும் கருகிய ரொட்டியும் தூசி படிந்த உணர்கருவியும். இதனால்தான் கடை, அலுவலகக் கட்டடங்களின் தானியங்கி அலாரத்துக்கு, தீ உண்மையா என்று உறுதிப்படுத்தாமல் பல சேவைகள் இப்போது வண்டி அனுப்புவதில்லை.

கட்டுப்பாட்டு அறைகளைச் சேர்த்து வைத்துச் செலவு குறைக்கும் முயற்சிகளில் ஒன்று பெரிய தோல்வி. நாடு முழுவதற்கும் ஒன்பது வட்டார அறைகள் என்ற திட்டம் 2010 டிசம்பரில் கைவிடப்பட்டது. குறைந்தது 46.9 கோடி பவுண்டு வீண் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. தாங்களாகவே சேர்ந்தவை நன்றாக நடக்கின்றன. வாரிங்டனில் இருக்கும் ஒரே அறை லங்காஷயர், கம்ப்ரியா, செஷயர், கிரேட்டர் மான்செஸ்டர் நான்கையும் கவனிக்கிறது.

1,800 லிட்டர் எத்தனை நிமிடம்?

தெருவில் பார்க்கும் சாதாரணச் சிவப்பு வண்டியை அவர்கள் 'பம்ப்' என்றே சொல்வார்கள். ஸ்கேனியா, வோல்வோ, மான் போன்ற லாரி அடிச்சட்டத்தில் தனி நிறுவனம் உடல் கட்டித் தரும். உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 1,800 லிட்டர். 400 கேலன் என்ற பழைய அளவின் மிச்சம் அது. பெரிதாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலில் இழுப்பது ஹோஸ்ரீல். 19 அல்லது 22 மில்லிமீட்டர் விட்டம், 60 மீட்டர் நீளம், உருளையில் சுற்றிய விறைப்பான ரப்பர் குழாய். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று. உயர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 100 லிட்டர் போனால் தொட்டி 18 நிமிடம் தாங்கும். ஓர் அறை தீக்கு இது போதும். தீ கூரைக்குப் போய்விட்டால் 45 மில்லிமீட்டர் ஹோஸ் வேண்டும். நிமிடத்துக்கு 450 லிட்டர் என்றால் தொட்டி நான்கே நிமிடத்தில் காலி. உள்ளே ஜோடி நிற்கையில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே வந்து நின்ற முதல் நிமிடத்திலேயே அடுத்த தண்ணீருக்கு ஆள் ஓட வேண்டும்.

ஹைட்ரன்ட் அங்கே தரைக்கடியில் இருக்கும். அருகே சுவரிலோ சிறு கம்பத்திலோ 'எச்' எழுத்திட்ட மஞ்சள் பலகை. அதில் மேல் எண் குழாயின் விட்டம் மில்லிமீட்டரில், கீழ் எண் பலகையிலிருந்து ஹைட்ரன்ட் இருக்கும் தொலைவு மீட்டரில். 100, கீழே 3 என்றிருந்தால் 100 மில்லிமீட்டர் குழாய், மூன்று மீட்டர் தள்ளித் தேடு. மூடியைத் தூக்கி, ஸ்டாண்ட்பைப் என்ற நிமிர்குழாயைத் திருகி, நீண்ட சாவியால் திறக்க வேண்டும். ஹோஸை மாட்டுமுன் சிறிது தண்ணீரைத் தெருவில் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் குழியில் கிடந்த கல்லும் மண்ணும் பம்புக்குள் போகும். இதில் தவறுபவை எல்லாம் எளிய விஷயங்கள்: மூடியின் மேல் கார், குழி நிறையச் சேறு, தார் போட்டு மூடிய மூடி. அதனால்தான் ஹைட்ரன்ட்களைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்கத் தனி ஆட்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாடிக்கு மேற்படாத வீடுகள் உள்ள தெருவுக்கு வழிகாட்டு அளவு நொடிக்கு 8 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 480. மேலே சொன்ன ஒரே ஒரு 45 ஹோஸுக்குத்தான் அது சரியாக வரும்.

ஹைட்ரன்ட் தருவதைவிடப் பம்ப் அதிகம் இழுத்தால் இடையிலுள்ள மென்மையான ஹோஸ் தட்டையாகச் சப்பிப்போகும். அளவுமானி என்ன காட்டினாலும், அந்த ஹோஸைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது அனுபவமுள்ள பம்ப் இயக்குநரின் பழக்கம். கல்போல இருந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. பஞ்சுபோல இருந்தால் எல்லை வந்துவிட்டது.

குளம், ஆறு என்றால் சுருங்காத உறிஞ்சு ஹோஸ். பம்ப் தண்ணீரை 'இழுப்பதில்லை'. அது குழாய்க்குள் காற்றை வெளியேற்ற, வெளியிலுள்ள வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் 7 முதல் 8. ஓர் இணைப்பில் மயிரிழை காற்று கசிந்தாலும் தண்ணீர் ஏறாது. பயிற்சியில் அதிகம் வியர்க்க வைக்கும் இடம் இதுதான். இணைப்புகளை இறுக்கி, வடிகட்டி முழுகியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி தொடங்க வேண்டும்.

ஹோஸின் விட்டத்தைத் தேர்வதும் கணக்குதான். ஒரே அளவு தண்ணீரைத் தள்ளும்போது உராய்வால் இழக்கும் அழுத்தம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 70-க்குப் பதில் 45-ல் தள்ளினால் இழப்பு சுமார் 9 மடங்கு. ஆகையால் தீயருகே வரை 70-ல் கொண்டுபோய், அங்கே கிளைப்பான் போட்டு இரண்டு 45-ஆகப் பிரிப்பார்கள். கனமான 70 ஹோஸைத் தண்ணீரோடு மாடிப்படியில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு 45 ஏன் தேவை என்பதும் தெரியும். உயரம் ஏறினால் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு 'பார்' (அழுத்த அலகு) கூடுதல் அழுத்தம் வேண்டும். வால்வைச் சட்டென மூடினால் ஓடிவந்த நீர் மோதி ஹோஸையே பிளக்கும். திறப்பதும் மூடுவதும் மெதுவாகத்தான்.

காற்றுக் கணக்கு

சுவாசக் கருவி செட்டில், முதுகிலிருக்கும் சிலிண்டரில் ஆக்சிஜன் இல்லை, அழுத்திய சாதாரணக் காற்றுதான். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் என்றால் ஏறத்தாழ 2,000 லிட்டர். நிமிடத்துக்கு 50 லிட்டர் என்ற கணக்கில் 40 நிமிடம் வரும். ஹோஸை இழுத்துக்கொண்டு மாடியேறுகிறவர் அதைவிட வெகுவேகமாக உறிஞ்சுவார். கடைசி 10 நிமிடக் காற்று தொடக்கூடாத கையிருப்பு. அதற்கு வந்ததும் விசில் ஊதும். விசில் ஊதும்போது வாசலுக்கு வெளியே இருக்க வேண்டுமே தவிர, அப்போதுதான் திரும்பத் தொடங்கக் கூடாது.

உள்ளே போகுமுன் ஒவ்வொருவரும் தன் செட்டிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றி வாசலில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். பெயர், சிலிண்டர் அழுத்தம், நுழைந்த நேரம் அதில் இருக்கும். பலகையில் செருகினால் யாருக்கு எப்போது விசில் ஊதும் என்று கணக்கு வந்துவிடும். புதிய பலகைகள் ரேடியோ வழியே அழுத்தத்தைத் தாமாகவே வாங்கிக்கொள்கின்றன. 1958-ல் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையின் நிலவறைத் தீயில் இரண்டு வீரர்கள் இறந்த பிறகே இந்தப் பட்டை முறை நிலைபெற்றது. அதற்கு முன் யார் உள்ளே, எவ்வளவு நேரமாக உள்ளே என்று சொல்ல நம்பகமான வழி இல்லை.

மூடிய அறையில் ஆக்சிஜன் தீர்ந்து, எரியாத வாயு தேங்கி நிற்கும்போது கதவைத் திறந்தால் வெளிக்காற்று புகுந்து தீ வெடித்து வரும். 1996 பிப்ரவரி 1 அன்று வேல்ஸின் பிளைனாவில் ஒரு வீட்டுத் தீயில் இரண்டு ஆன்-கால் வீரர்கள் அப்படித்தான் இறந்தார்கள். இன்றைய பயிற்சியில் கதவைத் திறக்கவே தனி முறை உண்டு. புகையின் நிறத்தையும் அது கதவிடுக்கில் உள்ளே இழுக்கப்படுகிறதா என்பதையும் பார், வெப்பப் படமியால் பார், சிறிதே திறந்து மேலே நீர்த்துளியைப் பாய்ச்சி மூடு, மறுபடி திற.

தீப்புகை படிந்த உடையும் ஆபத்துதான். தீயணைப்புத் தொழிலின் வெளிப்பாட்டை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-ல் உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் வைத்தது. கரி படிந்த கோட்டு வீரத்தின் அடையாளமாக இருந்த காலம் போய், இப்போது அதைக் கழற்றிப் பையில் கட்டி, ஓட்டுநர் அறைக்குள் ஏற்றாமல் சலவைக்கு அனுப்புகிறார்கள்.

மீட்பும் சிறப்பு வண்டிகளும்

2004-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டம் பெயரிலேயே 'மீட்பு' என்பதைச் சேர்த்தது. சாலை விபத்தில் சிக்கியவரை மீட்பது அதிலிருந்து சட்டக் கடமை. விரிப்பான், வெட்டுக்கருவி, உந்துதண்டு மூன்றும் பம்பிலேயே இருக்கும். பழையவை எஞ்சினும் எண்ணெய்க் குழாயுமாக இருந்தன, புதியவை பேட்டரியில் ஓடுகின்றன. காரை வெட்டுவது கடைசி வேலை. முதலில் மரக்கட்டைகளையும் படிக்கட்டைகளையும் முட்டுக்கொடுத்து வண்டி அசையாமல் நிறுத்த வேண்டும், கண்ணாடியைக் கட்டுப்பாட்டோடு அகற்ற வேண்டும், வெடிக்காத காற்றுப்பைகள் எங்கே இருக்கின்றன என்று திரையில் பார்க்க வேண்டும். முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் கூரை போன நொடியில் கார் சற்று ஆடும். முதுகெலும்பில் அடிபட்டவருக்கு அந்தச் சற்றே போதும்.

எல்லா நிலையத்திலும் எல்லாமும் வைக்க முடியாது. உயரேணி வண்டி, 9,000 லிட்டர் அளவிலான தண்ணீர் லாரி, படகு, கயிற்று மீட்பு, காட்டுத்தீ வாகனம், கட்டளை வாகனம் எல்லாம் கவுன்டிக்குச் சில. ஆன்-கால் நிலையத்தில் இப்படி ஒரு வண்டி கூடுதலாக நின்றால் அதற்கும் தகுதியுள்ள ஆள் வேண்டும் என்பதால், எங்கே எதை வைப்பது என்பது சேவைக்குள் எப்போதும் வாதம்தான்.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-க்குப் பின் அரசு வாங்கிக் கொடுத்த தேசியத் தளவாடங்களும் கவுன்டிகளில் இருக்கின்றன: இடிபாட்டு மீட்புக் குழுக்கள், பெருந்திரளுக்கான கழுவுகூடங்கள், நிமிடத்துக்கு 7,000 லிட்டர் தள்ளும் பெரும்பம்ப்கள். 2005 டிசம்பர் 11 அன்று ஹெர்ட்ஃபோர்டுஷயரின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு வெடித்து எரிந்தபோது இந்தப் பெரும்பம்ப்களும், நாடெங்கிலுமிருந்து திரட்டிய நுரைக்கரைசலும் வந்துசேர்ந்தன. ஒரு கவுன்டியின் கையிருப்புக்கு எட்டாத தீ அது. பக்கத்துச் சேவைகள் ஒன்றுக்கொன்று வண்டி அனுப்ப ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதும் 2004 சட்டத்திலேயே இருக்கிறது. எல்லையோர வீட்டுக்கு அடுத்த கவுன்டியின் வண்டி முதலில் வருவது அன்றாடம் நடப்பது.

வெள்ள மீட்பு மட்டும் விசித்திரமான நிலையில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அது சட்டக் கடமை. இங்கிலாந்தில் இல்லை. ஆனாலும் படகோடு போகிறவர்கள் இவர்கள்தான்.

களத்தில் யார் சொல்வது சட்டம்?

பதவி வரிசை: தீயணைப்பு வீரர், குழு மேலாளர், வாட்ச் மேலாளர், நிலைய மேலாளர், அதற்கு மேல் தொகுதி, பகுதி மேலாளர்கள், உச்சியில் தலைமைத் தீயணைப்பு அதிகாரி. நிலைய மேலாளரும் அவருக்கு மேலுள்ளவர்களும் வண்டியில் வருவதில்லை. நீலவிளக்குப் பொருத்திய காரில், முறைப்பட்டியலின்படி வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ நேராகக் களத்துக்கு வருவார்கள். தீ பெரிதாகப் பெரிதாகப் பொறுப்பும் கைமாறும். மூத்தவர் வந்துவிட்டார் என்பதாலேயே அது மாறிவிடாது. அவர் நிலைமையைக் கேட்டறிந்து, பொறுப்பேற்றேன் என்று சொல்லி, அது ரேடியோவில் பதிவாக வேண்டும்.

கட்டடத்தின் முகப்பு முதல் பிரிவு. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 2, 3, 4. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர் பொறுப்பு. வேலை உள்ளே நடந்தால் 'ஆஸ்கர்', வெளியிலிருந்து மட்டும் என்றால் 'டெல்டா'. தேவை கூடினால் 'பம்ப்களை ஆறாக்கு' என்று செய்தி போகும். ஏற்கெனவே இரண்டு இருந்தால் இன்னும் நான்கு என்று பொருள். மொத்தத்தையே சொல்வார்கள், கூடுதலைச் சொல்வதில்லை. 'ஸ்டாப்' என்ற செய்தியைத் தீ அணைந்தது என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வந்திருக்கும் ஆட்களும் வண்டிகளும் போதும், இனி அனுப்ப வேண்டாம் என்பது மட்டுமே அதன் பொருள். ஸ்டாப் போன பிறகு விடியும்வரை தண்ணீர் அடித்த தீக்கள் உண்டு.

தீ வருமுன் செய்யும் வேலைக்கும் இதே ஆட்கள்தான். முதியோர் வீட்டுக்குப் போய்ப் புகை எச்சரிப்பான் மாட்டுவார்கள்; ஆபத்து அதிகமுள்ள வீட்டுக்குக் கட்டணம் இல்லை. 2005-ஆம் ஆண்டு ஆணைப்படி கடை, ஓட்டல், தொழிற்சாலையின் தீப் பாதுகாப்புக்கு அதை நடத்துபவரே பொறுப்பு. சோதித்து, தேவைப்பட்டால் மூடவும் வழக்குத் தொடுக்கவும் சேவையின் ஆய்வு அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017-ல் நேர்ந்த தீக்குப் பின் வந்த விதிகளால் 2023 ஜனவரி முதல் 18 மீட்டரோ ஏழு மாடியோ அதற்கு மேலோ உயரமுள்ள குடியிருப்புக் கட்டடங்கள் மாடி வரைபடங்களைப் பெட்டியில் பூட்டி வாசலருகே வைத்திருக்க வேண்டும். வாட்ச்கள் இவற்றையெல்லாம் முன்கூட்டியே போய்ப் பார்த்து, கூரை எதனால் ஆனது, மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் உலர்குழாய் எங்கே, வாயுச் சிலிண்டர் எங்கே என்று வண்டியின் திரையில் ஏற்றிவைக்கிறார்கள்.

தீ முடிந்து திரும்பியதும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். நனைந்த ஹோஸை இறக்கி உலர்ந்ததை அடுக்க வேண்டும். சிலிண்டர்களை மாற்றி, முகமூடிகளைக் கழுவி, ஒவ்வொரு செட்டையும் சோதித்துப் பெயரெழுத வேண்டும். தொட்டி நிரம்ப வேண்டும். ஆன்-கால் நிலையத்தில் அதிகாலை மூன்று மணிக்கு இதையெல்லாம் செய்கிறவர்களில் ஒருவர் ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டிய பேக்கரிக்காரராக இருக்கலாம். எல்லாம் சரி என்று பொறுப்பாளர் சொன்ன பிறகே ஓட்டுநர் திரையில் 'தயார்' என்ற பொத்தானை அழுத்துவார். அவர் ஊரில் இருக்கும்வரை வண்டியும் தயார்.